சுவரெல்லாம் வெய்க்கோவின் முகம்

பின்லாந்தின் கலயோகி ஊரில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் வெய்க்கோவைச் சின்னப் பிள்ளைகள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வண்டி தெருவுக்குள் திரும்பியதும் ஒருத்தி 'ஆங்ரி' என்பாள், இன்னொருத்தன் 'ஹங்ரி' என்பான். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் அவன் மனைவி ரைலி. வகுப்புச் சுவரில் மாட்டும் படங்களைச் சமையலறை மேசையில் விரித்துத் தானே வரைவாள். சந்தோஷம், துக்கம், கோபம், பசி, களைப்பு என்று உணர்ச்சிகளை வரைந்தபோது, எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த புருஷன் முகமே எல்லாவற்றுக்கும் போதும் என்று முடிவுசெய்துவிட்டாள்.

பயத்துக்கு மட்டும் முகம் அகப்படவில்லை. "அந்த மூஞ்சி எங்கிட்ட கெடையாது" என்றான் வெய்க்கோ. ரைலி கெஞ்சிப் பார்த்தாள், சோபாவுக்குப் பின்னாலிருந்து கத்தியும் பார்த்தாள். கல்லுளிமங்கன் அசையவில்லை. கடைசியில், வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் நுழைந்துகொள்ளும் அவர்கள் நாய் ஹல்லாவை வரைந்து, கீழே 'ஸ்கேர்டு' என்று எழுதினாள். நாய்க்கு இருக்கிற நேர்மைகூட உனக்கு இல்லை என்று பல நாள் குத்திக்காட்டினாள்.

அவள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. வார்த்தை வராமல் விழிக்கிற பிள்ளைக்கு யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. அந்தப் பிள்ளை திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை மற்றவர்கள் வாயைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும்.

அந்த ரைலிக்குத்தான் இலையுதிர்காலத்தில் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. எல்லாம் புரியும், வார்த்தை மட்டும் வெளியே வராது என்றார்கள் மருத்துவமனையில். வீட்டுக்கு வந்ததும் வெய்க்கோ அவள் வாய் திறக்குமுன்பே முந்திக்கொண்டான். காபியா, ரொட்டியா, ஜன்னலைச் சாத்தவா என்று அடுக்குவான். நல்ல எண்ணம்தான், ஆனால் அவள் அழுதுகொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவள் சாமான்களை எடுத்துவரப் பள்ளிக்குப் போனபோது சுவர்ப்படங்களையும் சுருட்டிக் கொண்டுவந்தான். அவற்றைச் சமையலறையில் ஒட்டியதும், அவள் சட்டமும் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். ரைலி சுவரையே பார்த்திருந்துவிட்டு, மெல்ல, "ஹங்ரி" என்றாள். சூப்பைச் சூடாக்கும்போது கண்ணீர் அவன் கண்ணை மறைத்தது.

அதன்பிறகு ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சொந்த மொழியான பின்னிஷ் வரவில்லை. சுவரில் இருந்த அளவு ஆங்கிலத்தை வெய்க்கோவும் கற்றுக்கொண்டான். மழை, குதிரை, ஆரஞ்சு, களைப்பு, இவற்றை வைத்தே ஒரு குளிர்காலத்தை ஓட்டினார்கள். அவனுக்கோ, அவள் பின்னிஷில் தன்னை ஒருமுறை திட்டினால் போதும் என்றிருந்தது.

பனி உருகும் சமயத்தில் பேச்சுப் பயிற்சி தருபவளிடமிருந்து போன் வந்தது. இனி பின்னிஷ் திரும்புவது சந்தேகம்தான், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றாள். வெய்க்கோ போனை வைத்துவிட்டுக் காபி போட்டான். காபித்தூள் போட மறந்து வெறும் வெந்நீரைக் கோப்பையில் ஊற்றினான்.

ரைலி அவன் முகத்தைப் பார்த்தாள். கைத்தடியை ஊன்றி எழுந்து, சுவருக்குப் போய், இடது கை விரலை ஹல்லாவின் மேல் வைத்தாள். பிறகு அந்த விரலை அவன் பக்கம் நீட்டினாள்.

அந்த மூஞ்சி எங்கிட்ட கெடையாது என்று சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. ரைலி எடுத்துக்கொடுக்கவில்லை, காத்திருந்தாள். அவன் திரும்பிச் சுவரைப் பார்த்தான்.

"ஸ்கேர்டு" என்றான். பிறகு தங்கள் மொழியில், "ஒன் பேச்சைக் கேக்காமலே போயிருவேனோன்னு பயமா இருக்கு ரைலி" என்றான்.

அவள் அவனருகே உட்கார்ந்தாள். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. வெய்க்கோ வாயைத் திறக்கவில்லை.

"எனக்கும்" என்றாள் ரைலி, பின்னிஷில்.