முள்ளம்பன்றிப் படப் புத்தகம்

பேத்திக்கு வாங்கிய படப் புத்தகத்தைப் பிரித்ததும் எழுந்த மை வாசனையில், வெள்ளைக்காரர் காலத்தில் பழங்காநத்தத்தில் நான் படித்த ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கூடம் கண்முன் வந்தது. இன்று அந்த இடம் முழுக்கக் கடைகள். அன்று சனிக்கிழமைதோறும் டீச்சர் தகரப் பெட்டியைத் திறந்து, மிருகக் கதைப் புத்தகங்களை இருவருக்கு ஒன்றாகக் கொடுப்பார். கூரை ஓட்டை வழியே விழும் வெயில் வட்டங்களுக்கு நடுவே கோரைப்பாயில் தலைகள் ஜோடி ஜோடியாகக் கவிழ்ந்திருக்க, பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்கும்.

பெரியம்மை கண்டு பிழைத்து, முகமெல்லாம் தழும்போடு நான் திரும்பிப் போன பிறகு என் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. புத்தகத்தில், உடம்பெல்லாம் முள்ளாக இருக்கிறதே என்று வெட்கப்பட்டுப் புதருக்குள் ஒளிந்திருந்த முள்ளம்பன்றியையும், அதைத் தேடி வந்து சிநேகமான ஆமையையும் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ருக்மணி வந்து நின்றாள். நெசவுக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவள் என்பதால் அவளுடைய தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"தள்ளி உக்காருடி. எனக்கும் படம் தெரியணும்ல."

"ஒட்டிக்கிரும்னு சொல்றாளுக," என்றேன்.

"ஒட்டுனா ஒட்டட்டும்," என்று புத்தகத்தில் பாதியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

அவள் தோள் என் தோளில் பட்டது. காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவைத் தவிர யாரும் என்னைத் தொட்டதில்லை. "புரட்டுடி" என்று அவள் சொல்லியும் நான் அசையவில்லை. அசைந்தால் அந்தத் தோள் விலகிவிடுமோ என்று பயமாக இருந்தது.