அட்டைக்கு முந்திய அதிகாரம்

எங்கள் சபையில் வருடப்பிறப்பு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டத்தில் கவிழ்த்துக் கொண்டுவருவார்கள். வீட்டுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதிலிருக்கும் வசனம் அந்த வருடம் அந்த வீட்டுக்குக் கடவுள் சொன்னது என்பது நம்பிக்கை. அந்தமுறை அப்பா எடுத்ததில், ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் உன்மேல் புரளாது என்ற பொருளில் ஒரு தீர்க்கதரிசியின் வாக்கு இருந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். வீட்டில் வேதம் வாசிக்கிற வேலையை நான் யாருக்கும் விட்டதில்லை. விட ஆளும் இல்லை.

அப்பா அட்டையைப் பொலித்தீனில் சுற்றி மாட்டுப்பட்டிக் கப்புத் தூணில் ஆணியடித்தார்.

அந்த மாதமே மழை பிடித்தது. கிரான் வீதியில் தண்ணீர் ஏறியது. மேலே குளத்தின் வான்கதவுகளைத் திறக்கப்போவதாக ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். வாவிக்கரைச் சனம் மாடுகளைப் பள்ளிக்கூட மேட்டுக்குச் சாய்த்துக்கொண்டு போனது. அப்பா அசையவில்லை.

முன்வீட்டு மாமா தன் மாடுகளோடு எங்கள் படலை வாசலில் நின்றார்.

"மச்சான், தண்ணி வந்து அட்டைய வாசிச்சிட்டுத் திரும்பிப் போகுமெண்டா நிக்கிறாய்? அது பள்ளிக்கூடம் போகல்லடா!"

"நீ போ. எனக்குச் சொன்னவர் இரிக்கார்."

அம்மா என்னிடம் வந்தார். "நீ சொல்லு புள்ள. நீ வாசிச்சாக் கேப்பார்."

வேதத்தை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனேன். "அப்பா, அட்டையில இரிக்கிறதுக்கு முதல் என்ன இரிக்கெண்டும் கேளுங்க."

முந்திய அதிகாரத்தின் கடைசி வரிகளை வாசித்தேன். அட்டையிலிருந்த வாக்கைப் பெற்ற அதே மக்களுக்கு, அதற்கு முன் வந்த தண்டனை அது. தாங்கள் கடவுளுடைய சனம், தங்களுக்கு ஒன்றும் வராது என்று இருந்தவர்கள், சொன்னதைக் கேட்காதவர்கள். கொள்ளை போனார்கள். நெருப்பு சுற்றிப் பிடித்தபோதும் அவர்களுக்கு உறைக்கவில்லை.

"அப்ப வெள்ளம் புரளாதெண்டது ஆருக்கு?"

"எல்லாத்தையும் இழந்து நிண்ட ஆக்களுக்கப்பா. ஒண்டும் போகாதெண்டு சொல்லல்ல. கூட இருப்பன் எண்டுதான் சொன்னது."

அப்பா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "படிச்ச வாய். எனக்குத் தந்த வசனத்த நீ பறிக்கப் பாக்கிறாய்."

நான் வாசித்தது சரி. அன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அவர் எழும்பவில்லை.

பின்னேரம் தண்ணீர் வீதிப் பக்கமிருந்து வரவில்லை. வாவிப் பக்கமிருந்து, பட்டிக்குப் பின்னால் வந்தது. கயிறுகளை வெட்டிவிட்டோம். பெரிய மாடுகள் மேட்டை நோக்கி நீந்தின. கன்றுகள் உள் அடைப்பில் நின்றன. அப்பா நெஞ்சளவு தண்ணீரில் அந்த அடைப்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோதே அவற்றின் சத்தம் நின்றது. முன்வீட்டு மாமாதான் தோணி கொண்டுவந்து எங்களை ஏற்றினார். அப்போது அவர் பகிடி ஒன்றும் விடவில்லை.

பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது போதகர் வந்தார். "உயிர் தப்பினீங்களே, அதுதான் வாக்குத்தத்தம். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால சாட்சி சொல்லுங்க" என்றார்.

"சொல்றன் ஐயா," என்றார் அப்பா. "கண்டுகள் செத்தது என்ட பிடிவாதத்தால. அதையும் சேத்துத்தான் சொல்லுவன்."

போதகர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

தண்ணீர் வடிந்ததும் கன்றுகளைப் புதைக்கப் போனோம். அப்பா என்னிடம் ஒரு மண்வெட்டியைத் தந்தார். இருவரும் சேர்ந்து வெட்டினோம். மண் ஈரமாக இருந்ததால் குழி சரிந்துகொண்டே இருந்தது.