டேசனுக்குப் போகும் வழி

இம்மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல விடியலில் எழுந்து, டயரியில் "தூறல்" என்று குறித்துவிட்டு, பதுளை பஸ்ஸில் வந்து எங்கள் சிறு நகரத்துப் பிரதேச சபை அலுவலகத்தைத் திறந்தபோது புதுப் பெயின்ட் மணம் மூக்கில் ஏறியது. பொலிஸ் நிலையம் தேடி வருகிறவர்கள் அலையக்கூடாதென்று செய்வித்த பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன. நீல நிறம், மூன்று மொழி, பெரிய அம்புக்குறி. தொப்பிப் படமும் போடலாமென்றார்கள், நான்தான் வேண்டாமென்றேன்.

எனக்கு எட்டு வயதில், காலைப் "பெரட்டில்" வேலை பிரிக்கும்போது எதிர்த்துப் பேசினாரென்று எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை குடைக்காம்பால் அடித்து அப்பாவின் கையை முறித்தார். "மொத என்ட்ரி போட்டவன் பக்கந்தான் நாயம். பொலிசுக்கு ஓடு பேச்சி!" என்று லயத்துச் சனம் அம்மாவை விரட்டியது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு மலையிறங்கி, முதலில் கண்ட கடையில் கேட்டாள்.

"மொதலாளி, டேசனுக்கு எப்புடிங்க போறது?"

"நேரா எறங்குங்க, கோச்சி வர்ற நேரந்தான்!"

எங்கள் பேச்சில் பொலிசும் "டேசன்"தான், கோச்சி என்கிற ரயில் நிற்குமிடமும் "டேசன்"தான். அங்கே வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக நின்ற ஸ்டேஷன் மாஸ்டரைக் கும்பிட்டு, அம்மா அழுதழுது முழுக்கதையையும் சொல்லி முடித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெரிந்த தமிழில், "எங்க போறது? பதுளைக்கா?" என்றார்.

சைப்ரஸ் வேலிக்குப் பின்னால், எங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் பலகை மாட்டிய பழைய பங்களாதான் பொலிஸ் என்று தெரிந்து போய்ச் சேர்ந்தபோது, கணக்கப்பிள்ளை உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தார். அப்பா தன்னை அடிக்க வந்ததாக என்ட்ரி போட்டாயிற்று. "ஏன்டி பேச்சி, கோச்சிக்காரன்கிட்டயா என்ட்ரி போட்ட?" என்று, அம்மா வழி தவறிய கதையைக் கேட்டுச் சிரித்தார். அன்றிரவு முறிந்த கையோடு அப்பா கூண்டுக்குள் இருந்தார். அந்தக் கை சாகும்வரை நேராகவில்லை. அம்மாவுக்குத் தோட்டத்தில் "கோச்சி என்ட்ரி" என்றே பெயராயிற்று.

இன்று அந்த வேலி இல்லை, பங்களாவும் இல்லை. கணக்கப்பிள்ளை இருக்கிறார், பஸ் நிற்கும் முச்சந்தியில் வீடு கட்டிக்கொண்டு. பலகைகளை வழிநெடுக நடச் சொல்லி, முதலாவதை அவர் வீட்டு வாசலுக்கு நேராக வைக்கச் சொன்னேன். எதிர்ப்பக்கமும் பொருத்தமான இடந்தான், தெரிந்தேதான் விட்டேன்.

அவர் தடியூன்றி வந்தார். "ஏம்மா, அந்தப் பக்கம் நட்டா ஆகாதா? வாசல்ல பொலிஸ் போர்டு இருந்தா சனம் என்னா நெனைக்கும்?"

"தெரியாத சனம் கோச்சி டேசனுக்குப் போயிரக் கூடாதுங்களே."

என்னை உற்றுப் பார்த்தார். "நீ யாரு மக?"

"பேச்சி மக."

அவர் தடியைத் திருப்பி ஊன்றி உள்ளே போய்விட்டார். மாலையில் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்: பலகைக்கு உரச்சாக்கைப் போர்த்தி, கயிறு சுற்றி, தானே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, அலுவலகத்தைத் திறக்குமுன், அம்புக்குறிகளைத் தொடர்ந்து நடந்து பொலிஸ் நிலையத்துக்குப் போய், பொதுப் பலகையை மறைத்தாரென்று கணக்கப்பிள்ளையின் முழுப் பெயரையும் சொல்லி என்ட்ரி போட்டேன். நான் திரும்பி வரும் வழியிலும் அவர் வீட்டுக் கதவு இன்னும் திறந்திருக்கவில்லை.