ஜெகா என்கிற ஜெகதாம்பாள்

பேருந்தில் உட்கார்ந்ததும் ஜெகதாம்பாளின் விரல்கள் மடியிலிருக்கும் கைப்பைமேல் தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிடும். நடத்துனர் "திருக்கழுக்குன்றம்லாம் எறங்கு, எறங்கு" என்றால் அதையும் அடிப்பாள். முன் இருக்கைக் குழந்தை வீறிட்டால் மட்டும், அந்த அழுகைக்கு எழுத்து கிடைக்காமல் சுண்டுவிரல் ஒரு கணம் தடுமாறும்.

செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் தட்டச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற கையோடு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினாள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்தவை காலையில் வந்து சேரும். கேட்டு, அறிக்கையாக அடித்து அனுப்ப வேண்டும். காலடியில் ஒரு பெடல் உண்டு. மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்திவிடுவார். "எங்க ஆபீசருங்க எவனாச்சும் இப்டி நின்னுகீறானா?" என்று சிரிப்பாள்.

காதில் அந்தக் குரல்கள் ஒலிக்க ஒலிக்க அறை மெல்ல நழுவிப்போகும். கிழவர் ஒருவர் பனியில் வழுக்கி விழுந்தார் என்று டாக்டர் சொல்லும்போது, பங்குனி வெயிலில் உட்கார்ந்திருக்கிற ஜெகதாம்பாளுக்குப் பாதம் சில்லிடும்.

அவளைப் போல ஏழெட்டுப் பேர் அவரவர் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை. திரையின் மூலையில் ஒரு மெசஞ்சர் பெட்டி, அவ்வளவுதான். அதில் அவள் பெயர் ஜெகா. படம் வைக்கிற இடத்தில் ஒரு சிட்டுக்குருவி. அவளுடைய வேலையைத் திருத்துகிற சிநேகா இருந்தது கூடுவாஞ்சேரியில். "ஏய் ஜெகா, சாப்டியாடி?" என்று ஆங்கில எழுத்தில் தமிழ் வந்து விழும். "சாப்டேன்டி, நீ?" என்று இவள் அடிப்பாள். அறுபது வயதுக்காரியை 'டி' போட்டுக் கூப்பிட ஊரில் யாரும் மிச்சமில்லை. அந்த எழுத்து வரும்போதெல்லாம் யாரோ பின்னலைப் பிடித்து இழுத்த மாதிரி இருக்கும்.

சிநேகா தன் காதல் கதையை முழுக்க அந்தப் பெட்டிக்குள்தான் கொட்டினாள். "உனக்கு எப்போடி கல்யாணம்?" என்று ஒருமுறை கேட்டாள். "எனக்கு இன்னும் ஆவலடி" என்று அடித்தாள் ஜெகதாம்பாள். அது உண்மைதான்.

இரண்டாயிரத்து ஆறு, தை மாதம். கம்பெனி எல்லோரையும் மாமல்லபுரத்துக் கடலோர விடுதி ஒன்றுக்கு ஒருநாள் வரச் சொன்னது. மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் ஜெகதாம்பாள் கிளம்பினாள். கம்பெனி அனுப்பிய மஞ்சள் டீ ஷர்ட்டை ரவிக்கைக்குமேல் மாட்டி, அதன்மேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல் முழுக்க வெயில் மிதந்துகொண்டிருந்தது. மணலில் நிற்கிற மஞ்சள் உருவங்கள் கானல் போல அசைந்தன.

"வாங்க மேடம், நீங்க யாரோட மதர்?" என்று வரவேற்றான் ஜெரோம். அவனும் மெசஞ்சர்க் கூட்டாளிதான்.

"நான்தாம்பா ஜெகா."

உடனே 'ஆன்ட்டி' வந்தது, நாற்காலி வந்தது, இளநீர் வந்தது. நெட்டையாக, நீள முகத்தோடு அவள் நினைத்து வைத்திருந்த சிநேகா குள்ளமாக, உருண்டைக் கன்னத்தோடு இருந்தாள். அவள் திரும்பி அலையோரமாக நடந்து போனாள்.

மத்தியானம் சாப்பாடானதும் ஜெகதாம்பாள் அவளைத் தேடிப் போய், பக்கத்து மணலில் உட்கார்ந்தாள்.

"ஏன் சொல்லல... நீங்க?" என்றாள் சிநேகா.

"நீ வயசு கேக்கலியே. சாப்டியான்னு கேட்ட. சாப்டேன்னேன்."

"அவன் முத்தம் குடுத்தது வரைக்கும் உங்ககிட்ட சொல்லியிருக்கேன்! எங்கம்மாவ விடப் பெரியவங்க நீங்க. மானமே போச்சு."

"எனக்கு மட்டும் அதுல இன்னா தெரியும்? புதுசா கீதேன்னு கேட்டுகினு இருந்தேன். ஒருநாளாச்சும் புத்தி சொன்னேனா?"

சிநேகா யோசித்தாள். வீட்டில் ஆளாளுக்கு உபதேசம் செய்தபோது, "அப்புறம்டி?" என்று மட்டும் கேட்டவள் ஜெகா.

"வயச சொல்லியிருந்தா 'நீங்க'ன்னு எழுதியிருப்ப. அதுக்கு பயந்துகினுதான் சொல்லல. தப்புதான் கண்ணு."

அலை ஒன்று வந்து இருவர் பாதத்தையும் தொட்டுவிட்டுப் போயிற்று. சிநேகா மணலைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "அவன் பேசி பத்து நாளாச்சு. வேற இடத்துல பொண்ணு பாத்துட்டாங்களாம். அத டைப் பண்ண வரல எனக்கு."

ஜெகதாம்பாள் அவளை ஆறுதலாகத் தட்டிக் கொடுக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே, "அப்புறம்?" என்றாள்.

சிநேகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பொழுது சாய்கிறவரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மேனேஜர் உலகநாதன் விசில் ஊதியபடி வந்தார். "போட்டோ எடுக்கறோம். மேடம், உங்களுக்கு நடுவுல சேர் போட்டிருக்கு, வாங்க."

சிநேகா அதற்குள் முழங்காலளவு தண்ணீரில் இறங்கியிருந்தாள். ஜெகா என்றும் அழைக்கவில்லை, ஆன்ட்டி என்றும் அழைக்கவில்லை. திரும்பி நின்று, ஈரக் கையை மட்டும் நீட்டினாள்.

ஜெகதாம்பாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேனேஜரின் உள்ளங்கையில் வைத்தாள். "கொஞ்சம் புடிங்க சார்" என்று சொல்லிவிட்டு, கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அலைக்குள் இறங்கினாள்.