இரண்டாவது காது

ஆய்வகத்தின் துளையிடும் அறைக்குள் போய்விட்டால் காதக்கா வாய் திறப்பதில்லை. முகக்கவசம் இரண்டு, கையுறை இரண்டு ஜோடி. தலைமுடி ஒரு இழைகூட வெளியே தெரியாது. வாசலில் யாராவது சிரித்தால் கண்ணாலேயே எரிப்பாள். வசவெல்லாம் வெளியே வந்தபிறகுதான். "ஒரு தும்மல் போதும்பா! மூவாயிரம் வருஷத்து ஆளு காணாமப் போயிடுவாரு, ரிசல்ட்ல நீ வந்து நிப்ப."

பழைய எலும்பைத் துளைத்து, அந்தப் பொடியிலிருந்து மரபணு எடுப்பது அவள் வேலை. உடம்பிலேயே கெட்டி, காதுக்குள் இருக்கும் எலும்பு. மிச்சம் மீதி இருந்தால் அங்கேதான் இருக்கும். வெயிலும் மழையும் மாறி மாறி வாட்டும் மண்ணில் அதுவும் பெரும்பாலும் இருக்காது. பஸ்ஸில் முன்னால் இருப்பவரின் காதையே அவள் வெறிக்க, "என்னங்க, ஏதாச்சும் ஒட்டியிருக்கா?" என்று அவர் தடவிப் பார்த்ததும் உண்டு. "கல்யாண போட்டோலகூட என் காதைத்தான் பாக்கறா" என்பது கணவனின் புலம்பல்.

அகழ்வாராய்ச்சிக்காரர் ஒருவர் இரண்டு மண்டையோடுகள் கொண்டுவந்தார். ஒரே குழியில், ஒரு பெண்ணின் கைக்குள் ஒரு குழந்தை. ஓய்வு பெறும் வயது அவருக்கு. கேட்டது ஒன்றுதான்: "அம்மாவும் பிள்ளையும்தானேம்மா?"

பெண்ணின் எலும்பு இரங்கிக் கொஞ்சம் மரபணு தந்தது. குழந்தையின் இடது காதில் மண்ணின் கிருமிகளைத் தவிர ஒன்றுமில்லை. மிஞ்சியது வலது காது. துளைத்தால் அதுவும் பொடி. நாளை நல்ல கருவி வரும், அதுவரை தொடாதீர்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். ஆனால் அவர் விடாமல் போன் செய்தார். "நான் இருக்கறப்பவே தெரிஞ்சுட்டா நல்லாருக்கும்மா."

துளைத்தாள்.

அவரை நேரில் வரச்சொல்லித்தான் சொன்னாள். "ஒண்ணும் வரல, சார்."

"அம்மான்னே வச்சுக்கலாமா?"

"வச்சுக்கக் கூடாது சார்."

"அவ்வளவு இறுக்கிப் புடிச்சிருந்தாளேம்மா…"

"அக்காவா இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரியா இருக்கலாம்."

"இன்னொரு தடவை பாக்க முடியாதா?"

"இனி துளைக்க இடமில்ல சார். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு காரை வாசலுக்கு எடுத்துவரப் போனார்.

குழந்தையின் மண்டையோட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடப்போனவள் நிறுத்தினாள். பெட்டியில் விரித்திருந்த பஞ்சைக் கிள்ளி விரலிடையில் உருட்டி, ஒரு காதில் வைத்தாள். இன்னொரு உருண்டை உருட்டி, மற்ற காதிலும் மெல்ல அடைத்தாள். அப்புறம்தான் மூடினாள்.