பாதிக் கீற்று

மரக்காணம் உப்பளத்தில் நான் மேஸ்திரியாக இருந்தபோது காவலுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் வந்து சேர்ந்தார். எழுபத்தொன்றில் நடந்த வங்காளதேசச் சண்டையில், குண்டு பட்டுக் கிடந்த ஒருவனைத் தோளில் தூக்கி வந்ததற்காகப் பதக்கம் வாங்கியவர். ஒல்லியான ஆள், இடது தோள் மட்டும் இறங்கியிருக்கும். வரப்பில் நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று நின்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒரு பங்குனியில் எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. களத்தில் இரண்டு உப்பு அம்பாரங்கள் குவிந்திருந்தன. ஒன்றை மூடத்தான் தென்னங்கீற்று இருந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் இரண்டின் மேலும் பாதிப் பாதியாகப் போட்டிருந்தார். இரண்டும் கரைந்து ஓடிக்கொண்டிருந்தன.

"ஏம்பா, புத்தி இருக்குதா? ஒண்ணையாவது காப்பாத்தக் கூடாதா?" என்று கத்தினேன்.

அவர் சேற்றில் மண்டியிட்டு, கரைகிற உப்பை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கயும் ரெண்டு பேரு கெடந்தாங்க சார். ரெண்டு பேரும் என் பேரச் சொல்லித்தான் கூப்ட்டாங்க. ஒருத்தனத்தான் தூக்க முடிஞ்சுது. அதுக்கு மெடல் குத்தினாங்க. இன்னொருத்தன் இன்னும் கூப்புட்டுக்கினே இருக்கான் சார்."

அடுத்த மழைக்கும் கீற்று போதவில்லை. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பாதியைப் பிடுங்கிக்கொண்டு மற்ற அம்பாரத்துக்கு ஓடினேன், எதுவும் மிஞ்சாது என்று தெரிந்தே.