என் கொள்ளுத்தாத்தாவுக்கு நான் வைத்த பெயர்கள்

பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைப்பவர்கள் ஊரில் நிறைய உண்டு. செத்துப்போன கொள்ளுத்தாத்தாவுக்குப் பெயர் வைத்தவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். அதுவும் வருடத்துக்கு ஒன்று.

அம்மாவைப் பெற்ற தாத்தா பஞ்சாபி. வாலிபத்தில் லாரி கிளீனராக வந்தவர். கோட்டுச்சேரியில் அச்சு முறிந்து வண்டி நின்றது. அச்சு மாற்றி வண்டி கிளம்பியது, இவர் கிளம்பவில்லை. தாடியும் கிடையாது, தலைப்பாகையும் கிடையாது, ஆனாலும் ஊருக்கு அவர் சிங்கு. விருந்துக்குப் போகிற வீட்டிலெல்லாம் அவருக்கென்று தனியாகச் சப்பாத்தி சுட்டு வைப்பார்கள். மரியாதைக்கு மென்றுவிட்டு, வீட்டுக்கு வந்து சோறும் மீன்குழம்பும் கேட்பார்.

ஆடி அமாவாசைக்குக் காரைக்கால் கடற்கரைக்குப் போவார். துணைக்கு நான். எள்ளும் தண்ணீரும் விடும்போது தன் அப்பா, தாத்தா, பூட்டன் என்று மூன்று பேரைச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் காதருகே குனிவார்.

“இந்த வருசம் யாருடி?”

நான் சொல்வேன். ஒரு வருடம் டிரில் மாஸ்டரும் கண்டக்டரும் பரோட்டா மாஸ்டரும் எங்கள் முன்னோர் ஆனார்கள். இப்படி ஒரு விளையாட்டு வேறெந்த வீட்டிலும் இல்லை என்று எனக்குப் பெருமை. தாத்தா ஏன் என்னைக் கேட்கிறார் என்று யோசிக்கும் அளவுக்கு அப்போது மூளை வளரவில்லை. இப்போது வளர்ந்துவிட்டதா என்பதில் வீட்டில் இரண்டு கருத்து உண்டு.

அதற்கு அடுத்த வருடம் என் கண்ணில் பட்டது தெருமுனை சைக்கிள் கடை. உள்ளே மாலை போட்ட இரண்டு படங்கள், கீழே பெயரோடு. படங்களுக்கு நேர் கீழே கடைக்காரர். அவர் பெயர் போர்டில். மூன்று தலைமுறை வரிசையாக, தயாராக! அப்படியே அள்ளிக்கொண்டேன். தாத்தாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கடைக்காரரை எல்லோரும் “சைக்கிள் கடை” என்றே கூப்பிட்டதால் அவர் பெயரும் தெரியாது.

கடற்கரையில் வரிசையாக இலை போட்டிருந்தார்கள். தாத்தா தர்ப்பை மோதிரத்தோடு, கையில் எள்ளும் தண்ணீருமாக உட்கார்ந்தார்.

“தகப்பனார் பேரு?” என்றார் ஐயர்.

“காத்தமுத்து.”

“அவருக்குத் தகப்பனார்?”

“சிங்காரவேலு.”

பக்கத்து இலையில் குனிந்திருந்தவர் விருட்டென்று நிமிர்ந்தார். சைக்கிள் கடைக்காரர் காத்தமுத்துவேதான்.

“சிங்கண்ணே! நான் எங்கப்பாவுக்குக் கொடுக்க வந்தா, நீங்க எனக்கே கொடுத்து அனுப்பிடுவீங்க போலருக்கே!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார். என் பெயர்கள் இவ்வளவு எடுபட்டதில் எனக்கு ஒரே குஷி.

“உங்கப்பா பேரச் சொல்லுங்கண்ணே.”

தாத்தா கையை அசைக்கவில்லை. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

“தெரியாது தம்பி. நாடு பிரிஞ்சப்ப ரயிலடிக் கூட்டத்துல அப்பா, அம்மா ரெண்டு பேரு கையும் வுட்டுப்போச்சு. அப்ப நான் இந்தப் புள்ளையவிடச் சின்னவன். நான் அப்பான்னு கூப்புடுவேன். அம்மாவும் அவுரு பேரச் சொல்லாது. அந்தப் பேரு என் காதுல வுழவே இல்ல.”

சிரிப்பு அப்படியே நின்றது.

“பேரு தெரியாதவாளுக்கும் மந்திரம் இருக்கு. சொல்லட்டுமா?” என்றார் ஐயர் மெதுவாக.

“வேணாம் சாமி. அது எல்லாருக்கும் பொது. இவரு எங்கப்பா.”

கடைக்காரர் தன் இலையை விட்டு இந்தப் பக்கம் திரும்பினார். “என் பேருலயே வுடுங்கண்ணே. பேருதானே, தேஞ்சா போயிடும்?” அவர் மனைவி, “அய்யோ, என்ன பேச்சு இது!” என்று தோளைப் பிடித்து இழுத்தார். “நீ சும்மா இரு” என்றார் அவர். ஆனால் முகம் வெளிறித்தான் இருந்தது.

தாத்தா அவரையே பார்த்தார். “நீங்க ஆயுசோட இருங்க தம்பி.”

பிறகு கடல் பக்கம் திரும்பி, அவர் பாஷையில் எங்களுக்குப் புரியாத ஒரு சொல்லைச் சொல்லித் தண்ணீரை விட்டார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. சின்னப் பையன் யாரையோ கூப்பிடுவது மாதிரி இருந்தது. இவ்வளவு பெரிய ஆள் இப்படிக் கூப்பிடுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது, “என் பேரு என்ன, சொல்லு” என்றார்.

“தாத்தா.”

“அது நீ கூப்புடுறது.”

“சிங்கு.”

“அது ஊரு கூப்புடுறது.”

தன் பெயரைச் சொன்னார். அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். நீளமான பெயர், நடுவில் நாக்கைச் சுளுக்கும் ஓர் எழுத்து. பஸ் வரும்வரை திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார். எனக்கு அலுத்துவிட்டது. அமாவாசைக் கூட்டம், பிள்ளை தொலைந்துவிட்டால் யாரிடமாவது தாத்தா பேரைச் சொல்லத் தெரிய வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு பாடு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

“நான் தொலைய மாட்டேன் தாத்தா. பயப்படாதீங்க” என்று அவர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

“சரி” என்றார் தாத்தா. “இன்னொரு வாட்டி சொல்லு.”